ஈறு நோயில் கரைந்த எலும்பு: எந்தப் பல்லுக்கு எந்த அறுவைச் சிகிச்சை?

“எலும்புப் பொடி வைக்கணுமா, ஜெல் வைக்கணுமா டாக்டர்? எது நல்லது?” ஈறில் அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்று சொன்னதுமே பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. பொருள்களின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டே வருபவர்களும் உண்டு. ஈறு மருத்துவராக என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அது மூன்றாவது கேள்வி. பல்லோரம் எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்பது முதல் கேள்வி. ஈறை எப்படித் திறந்து எப்படி மூடப்போகிறார்கள் என்பது இரண்டாவது. உள்ளே என்ன வைப்பது என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வர வேண்டும். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

முதலில், இழந்தது என்ன என்று பார்த்துவிடலாம். பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேரின் மேல் சிமெண்டம் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆயிரக்கணக்கான நார்கள் எதிரே உள்ள எலும்புக்குள் போய்ப் பதிந்து, தொட்டிலைக் கயிறு தாங்குவதுபோல் பல்லைத் தாங்குகின்றன. ஈறு நோய் முற்றும்போது சிமெண்டம், நார், எலும்பு மூன்றும் போகின்றன. மூன்றும் சேர்ந்து திரும்பி வந்தால்தான் அதை மீள்வளர்ச்சி என்று சொல்ல முடியும். ஈறின் மேல்தோல் மட்டும் வேரோடு ஒட்டிக்கொண்டு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நோயால் உண்டான ஆழமான இடைவெளி (பாக்கெட்) மூடிவிட்டால், புண் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் நல்லதே. ஆனால் பழைய பிடிமானம் அங்கே இல்லை.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியவர் மெல்ச்சர் என்ற ஆய்வாளர். 1976இல் அவர் எழுதியதன் சாரம் எளிமையானது: சுத்தம் செய்த வேரின் மேல் எந்தச் செல் முதலில் வந்து குடியேறுகிறதோ, அதுதான் ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும். போட்டியில் நான்கு பேர்: ஈறின் மேல்தோல், அதற்கடியில் உள்ள இணைப்புத் திசு, எலும்பு, பல்லைத் தாங்கும் நார். மேல்தோல்தான் ஓட்டத்தில் முந்திவிடும். நார்ப் பகுதியின் செல்களுக்குத்தான் புதுப் பிடிமானத்தைக் கட்டும் திறமை உண்டு, ஆனால் அவை மெதுவாக வருபவை. 1982இல் ஸ்டூர் நைமனும் அவருடைய குழுவினரும் ஒரு கீழ் முன்பல்லில் வேருக்கும் ஈறுக்கும் நடுவே வடிகட்டித் தாளை வைத்து மேல்தோலைத் தடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது புதிய சிமெண்டமும் அதில் பதிந்த புதிய நார்களும் தெரிந்தன. மெதுவாக வருபவருக்கு நேரம் கொடுத்தால் காரியம் நடக்கும் என்பது அன்று உறுதியானது. இன்றுள்ள எல்லா முறைகளும் ஏதோ ஒரு வழியில் அந்த நேரத்தைத்தான் வாங்கிக் கொடுக்கப் பார்க்கின்றன.

கத்திக்கு முன்னால்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: முதல் சந்திப்பிலேயே அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிப்பது சரியல்ல. முதலில் வீட்டுச் சுத்தம் சீராக வேண்டும். பல் துலக்கும் முறை, பல்லிடுக்குக்கென்று உள்ள குட்டி பிரஷ், புகைப்பதை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது எல்லாம் இதில் சேரும். அடுத்தது ஈறுக்குள்ளே இருக்கும் காரையையும் கிருமிப் படலத்தையும் மருத்துவர் ஆழமாகச் சுத்தம் செய்வது. அதன்பின் இரண்டு மூன்று மாதமாவது பொறுத்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். நல்ல கருவிகளோடு பொறுமையாகச் செய்தால், சில ஆழமான பள்ளங்கள்கூட கத்தி வைக்காமலே ஓரளவு நிரம்பி வருவதை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் காண முடிகிறது.

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் இந்தப் படிகளைத்தான் வகுத்திருக்கிறது. சுத்தம் செய்து முடித்த பிறகும் ஆழமான பாக்கெட் மிச்சம் இருந்து, அதனடியில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள எலும்புப் பள்ளமும் இருந்தால், அங்கே மீள்வளர்ச்சி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்கிறது அது. இன்னும் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டு, பல்லோரம் வெள்ளையாகப் படிவு நிற்கும் வாயில் எவ்வளவு விலையுயர்ந்த பொருளை வைத்தாலும் வீண். அந்த நிலையில் நான் கத்தியை எடுப்பதில்லை.

பள்ளம் எப்படி இருக்கிறது?

அளக்கும்போது நடப்பதைச் சொல்கிறேன். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய புரோபைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடத்தில் எண்களைச் சொல்வோம். “மூணு, ரெண்டு, மூணு… மூணு, மூணு, எட்டு.” அந்த எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் நாற்காலியில் இருப்பவர் கண்ணைத் திறப்பார். ஒரே பல்லில் ஐந்து இடம் நலமாக இருந்து ஒரே இடத்தில் எட்டு வருகிறது என்றால், அங்கே எலும்பு குறுகலான குழியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி ஒரு கருப்பு ஆப்பு செருகியதுபோல் தெரியும். மீள்வளர்ச்சிக்கு ஏற்ற இடம் இதுதான்.

எல்லாப் பல்லிலும் ஐந்து, ஆறு, ஐந்து என்று வந்தால் கதை வேறு. எலும்பு மட்டமாக, ஏரித் தண்ணீர் வற்றியதுபோல் ஒரே சீராகக் கீழிறங்கியிருக்கிறது. அதற்கு மேலே எலும்பை வளர்க்கும் நம்பகமான முறை இன்று கிடையாது. பொடியை அங்கே குவித்தால் தாங்கிக்கொள்ள சுவர் எதுவும் இல்லை. மட்டமாக எலும்பு போனவரிடம் “எல்லாம் திரும்ப வளர்த்துவிடலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

குழியிலும் வகை உண்டு. வேர் ஒரு பக்கம் நிற்க, மிச்ச மூன்று பக்கமும் எலும்புச் சுவர் இருந்தால் மூன்று சுவர்க் குழி. கிணறுபோல் இருக்கும், அறுவைச் சிகிச்சைக்குப்பின் உள்ளே உறையும் ரத்தக் கட்டி அசையாமல் அதில் தங்கும். இரண்டு சுவர், ஒரு சுவர் என்று குறையக் குறைய கட்டி சரிந்துவிடும். ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும் குழிக்குத்தான் பலன் அதிகம். எக்ஸ்ரேயில் வேருக்கும் எலும்புச் சரிவுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தால், 25 டிகிரி அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் குழிகள் நன்றாகப் பிடிமானம் பெறுகின்றன. 37 டிகிரியைத் தாண்டி அகன்ற குழிகள் அவ்வளவு தருவதில்லை. உங்கள் எக்ஸ்ரேயை மருத்துவர் காட்டும்போது இந்தக் கோணத்தைக் காட்டச் சொல்லுங்கள். கோடு போட்டுக் காட்ட ஒரு நிமிடம்தான் ஆகும்.

திறந்து சுத்தம் செய்வது மட்டும்

எல்லா முறைகளையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை மடலாகத் தூக்கி, குழிக்குள் இருக்கும் வீக்கத் திசுவை வழித்தெடுத்து, வேரைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தைத்துவிடுவார்கள். உள்ளே எதுவும் வைப்பதில்லை. பல இடங்களுக்கு இதுவே போதும். பாக்கெட் குறையும், சுத்தம் செய்ய வசதியாகும்.

இதன் குறை, ஆறுவது பெரும்பாலும் மேல்தோல் ஒட்டுவதால்தான். ஈறும் கொஞ்சம் கீழிறங்கும், வேர் வெளியே தெரிந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம் எடுக்கும். குழியுள்ள பற்களில் மீள்வளர்ச்சி முறைகளை இதோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கூடுதலாகக் கிடைக்கும் பிடிமானம் சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று மேல். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் வேரின் நீளமே 12, 14 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதில் பாதி போன பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம். அதோடு, ஒரே நோயாளிகளை 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மீள்வளர்ச்சி செய்த இடங்கள் வெறும் சுத்தம் செய்த இடங்களைவிட நிலையாக நின்றன, மறுசிகிச்சையும் குறைவாகவே தேவைப்பட்டது.

உள்ளே வைப்பவை: சவ்வு, ஜெல், பொடி, சொந்த ரத்தம்

சவ்வுதான் இவற்றில் மூத்தது. நைமனின் வடிகட்டித் தாளிலிருந்து நேராக வந்த யோசனை: குழியின் வாயில் ஒரு திரை கட்டி மேல்தோலை வெளியே நிறுத்திவிட்டு, நார்ச் செல்களுக்கு உள்ளே வழிவிடுவது. ஆரம்பத்தில் கரையாத சவ்வு இருந்தது. நான்கு முதல் ஆறு வாரத்தில் அதை எடுக்க இன்னொரு முறை ஈறைத் திறக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் தானே கரையும் கொலாஜன் சவ்வு. வேலை நுட்பமானது, குழியின் வடிவத்துக்குச் சவ்வை வெட்டி, அசையாமல் பொருத்தி, மேலே ஈறு முழுவதும் மூட வேண்டும். ஈறு பிரிந்து சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் கிருமி ஏறும், பலன் குறையும். சவ்வின் பெரிய எதிரி இதுதான். குழி அகலமாகவும் சுவர் குறைவாகவும் இருந்து, உள்ளே பொடியும் வைக்க வேண்டியிருந்தால் சவ்வுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஜெல் என்று எல்லோரும் சொல்வது எனாமல் புரதங்கள் அடங்கிய பொருள், எம்டோகெய்ன் என்ற பெயரில் அதிகம் தெரிந்தது. பல் வளர்ந்து வேர் உருவாகும் சமயத்தில் இதே வகைப் புரதங்கள்தான் சிமெண்டம் உண்டாகத் தூண்டுகின்றன. அந்த நிகழ்ச்சியை இன்னொரு முறை நடத்திப் பார்க்கும் முயற்சி இது. வைக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். வேரைச் சுத்தம் செய்தபின், அதன் மேற்பரப்பைத் தயார்படுத்தும் இ.டி.டி.ஏ. என்ற வேறொரு ஜெல்லை இரண்டு நிமிடம் தடவி, உப்புநீரால் அலசுவோம். அந்த ஒரு கணம் வேர் ஈரமாக, ரத்தமோ எச்சிலோ படாமல் வெண்மையாக இருக்க வேண்டும். உடனே சிரிஞ்சின் நுனியைக் குழியின் அடியில் வைத்து மேல்நோக்கி நிரப்பிக்கொண்டே வருவோம். தைத்து முடிக்கும்போது கொஞ்சம் ஜெல் வழிந்து வெளியே வரும், அது பரவாயில்லை.

சவ்வையும் ஜெல்லையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சைக்குப் பிந்திய தொல்லைகள் மட்டும் சவ்வில் கூடுதல். ஆகவே தன் சுவர்களாலேயே தாங்கிக்கொள்ளும் குறுகலான குழி என்றால் என் கை ஜெல்லை நோக்கித்தான் போகும். குழி அகன்றிருந்தால் ஜெல் தனியாகப் போதாது. அது திரவம்போல் இருப்பதால் மேலே உள்ள ஈறைத் தாங்கிப் பிடிக்காது, ஈறு குழிக்குள் சரிந்து இடத்தை அடைத்துவிடும். அப்போது உள்ளே தூணாக நிற்க எலும்புப் பொடியும் வேண்டும்.

எலும்புப் பொடியில் நான்கு இனம்: உங்கள் தாடையிலிருந்தே சுரண்டி எடுப்பது, மனிதர் தானம் செய்த எலும்பிலிருந்து பதப்படுத்தியது, மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியது, செயற்கையாகச் செய்தது. சொந்த எலும்புக்கு நிகர் இல்லை, ஆனால் எடுக்க இன்னொரு காயம் ஆகும், கிடைக்கும் அளவும் கொஞ்சம். தானமாகப் பெற்று சுண்ணத்தை நீக்கிப் பதப்படுத்திய எலும்பில் புதுப் பிடிமானம் வளர்வதை மனிதப் பற்களில் நுண்ணோக்கி வழியாகக் காட்டியிருக்கிறார்கள். மாட்டெலும்புப் பொடி மெதுவாகக் கரையும், வருடக் கணக்கில் அப்படியே தங்கியிருக்கும், அதனால் இடத்தைப் பிடித்து வைக்க நல்லது. செயற்கைப் பொடிகளில் பெரும்பாலானவை குழியை நிரப்பும் சரக்கு மட்டுமே. சுற்றிலும் நார்த் திசு மூடிக்கொள்ள நடுவே துகள்கள் உட்கார்ந்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொடி வைத்த மறுநாளே எக்ஸ்ரே எடுத்தால் கருப்புக் குழி வெள்ளையாகத் தெரியும். தெரிவது வைத்த பொடிதான், வளர்ந்த எலும்பு அல்ல. “முன்”, “பின்” என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பின் படம் எத்தனை மாதம் கழித்து எடுத்தது, அதே இடத்தில் புரோப் என்ன எண் சொல்கிறது என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். நடந்தது உண்மையான மீள்வளர்ச்சிதானா என்பதை உறுதியாகச் சொல்ல பல்லை எடுத்து நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் பல்லில் யாரும் அதைச் செய்யப்போவதில்லை. அதனால் பாக்கெட் குறைந்ததா, பிடிமானம் ஏறியதா, பல் ஆட்டம் நின்றதா, வருடங்கள் கடந்தும் அது நிலைத்ததா என்பவைதான் நமக்கு அளவுகோல்.

நோயாளிகளில் பலர் கேட்காமல் விடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனாமல் ஜெல் பன்றிக் குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுப்பது. கொலாஜன் சவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிடமிருந்து வருவது. சமய நம்பிக்கையாலோ சைவ உணவு முறையாலோ இவை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. தைத்து முடித்த பிறகு தெரிந்து மனம் வருந்துவதைவிட முன்னாலேயே கேட்டுவிடலாம். மாற்று வழிகள் இருக்கின்றன.

அந்த மாற்றுகளில் முக்கியமானது சொந்த ரத்தம். 2001இல் பிரான்சில் ஷூக்ரூன் அறிமுகப்படுத்திய பி.ஆர்.எஃப். முறையில், கையிலிருந்து சில குழாய் ரத்தம் எடுத்து எதையும் கலக்காமல் உடனே இயந்திரத்தில் சுழற்றுவார்கள். நடுவே மஞ்சள் நிறத்தில் ஜெல்லி போன்ற ஒரு கட்டி திரளும். அதை அழுத்தினால் மெல்லிய தாளாகும். அதில் தட்டணுக்களும், திசு வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளும் சிக்கியிருக்கின்றன. வெறும் சுத்தம் செய்வதைவிட இது சேர்ந்தால் பலன் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் சுழற்றும் வேகம், நேரம், குழாய் வகை எல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால், சவ்வையும் ஜெல்லையும் போல நீண்ட கால ஆதாரம் இதற்கு இன்னும் திரளவில்லை. ஐரோப்பிய வழிகாட்டி பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது சவ்வு அல்லது எனாமல் ஜெல், தேவைப்பட்டால் கூடவே எலும்புப் பொடி என்பதைத்தான். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவருக்கு நான் ரத்த முறையைத் தயங்காமல் சொல்வேன். மற்றபடி அதை முதல் தேர்வாக வைக்க மாட்டேன்.

ஆய்வகத்தில் தயாரித்த வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. ஒன்றுக்கு 2005இல் அமெரிக்காவிலும், இன்னொன்றுக்கு 2016இல் ஜப்பானிலும் அனுமதி கிடைத்தது. எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. புற்றுநோய் வந்தவர்கள் இந்த வகை மருந்துக்கு முன் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கீறல் சிறியதானால்

என் மனதில் எல்லாவற்றையும்விட எடை கூடிய பகுதி இது. இரண்டு பல்லுக்கு நடுவே கூம்பாக நிற்கும் ஈறு முனையைக் கண்ணாடியில் பாருங்கள். பழைய முறையில் அந்தக் கூம்பை நடுவில் பிளந்து இரு பக்கமும் விரிப்பார்கள். திரும்பத் தைக்கும்போது மெலிந்த இரண்டு விளிம்புகளைச் சேர்க்க வேண்டும், அது அடிக்கடி பிரிந்துவிடும். குழிக்கு நேர் மேலேதான் அந்தப் பிளவு. அங்கே பிரிந்தால் கிருமி உள்ளே, ரத்தக் கட்டி வெளியே.

கூம்பைப் பிளக்காமல் முழுசாக ஒரு பக்கம் தூக்கும் முறையை 1985இல் டேக்கே விவரித்தார். இத்தாலியைச் சேர்ந்த கொர்த்தெல்லீனியும் டோனெட்டியும் அதை மேம்படுத்தி, 2007இல் குழியுள்ள பல்லோரம் மட்டும் சின்னதாகத் திறக்கும் முறைக்கும், 2009இல் கூம்பை நகர்த்தாமலே கன்னப் பக்கத்து ஜன்னல் வழியாக மட்டும் உள்ளே போகும் முறைக்கும் கொண்டுபோனார்கள். நுண்ணோக்கியோ உருப்பெருக்கிக் கண்ணாடியோ இல்லாமல் இதைச் செய்ய முடியாது. தையலுக்கு 6-0 நூல், தலைமுடி அளவு மெல்லியது.

2011இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். 45 பேரை மூன்று பிரிவாக்கி, எல்லோருக்கும் அதே சின்ன ஜன்னல் அறுவைச் சிகிச்சை. ஒரு பிரிவுக்கு உள்ளே எதுவும் வைக்கவில்லை. அடுத்த பிரிவுக்கு எனாமல் ஜெல். மூன்றாவது பிரிவுக்கு ஜெல்லும் மாட்டெலும்புப் பொடியும். ஒரு வருடம் கழித்து அளந்தபோது மூன்று பிரிவிலும் பிடிமானம் சுமார் 4 மி.மீ. ஏறியிருந்தது, பிரிவுகளுக்கிடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! ஈறு நகராமல், கூம்பு சரியாமல், ரத்தக் கட்டி அலுங்காமல் இருந்தால் உடம்பே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. விலையுயர்ந்த பொருளைவிட நுட்பமான கை முக்கியம் என்று நான் நம்பத் தொடங்கியது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

சரி, எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே? முடியாது. குழி வேரைச் சுற்றி வளைந்து நாக்குப் பக்கம் வரை போயிருந்தால் ஒரே ஜன்னல் வழியாக அதைச் சுத்தம் செய்ய இயலாது. சுத்தமாகாத வேரின் மேல் எதுவும் வளராது, எனவே அங்கே இரு பக்கமும் திறக்கத்தான் வேண்டும். ஆய்வும் மிகப் பழகிய கைகளில் நடந்தது. உங்கள் மருத்துவர் எந்த வகைக் கீறலில் கைதேர்ந்தவர், உருப்பெருக்கி பயன்படுத்துகிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

வேர் பிரியும் இடம்

கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு மூன்று வேர் இருக்கும். அவை பிரியும் கவட்டில் எலும்பு கரைந்தால் கணக்கு மாறுகிறது. கருவி பக்கவாட்டில் சற்றே நுழைந்தால் முதல் நிலை, ஆழமாக நுழைந்தும் மறுபக்கம் வெளியே வராவிட்டால் இரண்டாம் நிலை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டால் மூன்றாம் நிலை. மீள்வளர்ச்சிக்கு ஏற்றது இரண்டாம் நிலை, அதிலும் கீழ்த்தாடைப் பல்லின் கன்னப் பக்கம். கவடு முழுசாக மூடுவது அபூர்வம், இரண்டாம் நிலை முதல் நிலையாக மாறினாலே பல்லின் ஆயுள் கூடும். இங்கேயும் ஜெல் வைத்தவர்களுக்குச் சவ்வு வைத்தவர்களைவிட வலியும் வீக்கமும் குறைவாக இருந்தது தெரியவந்திருக்கிறது. மூன்றாம் நிலையில் மீள்வளர்ச்சியை நம்ப வேண்டாம். கவட்டைத் திறந்துவிட்டு குட்டி பிரஷ் போய்வரும் சுரங்கமாக்குவது, அல்லது ஒரு வேரை மட்டும் எடுப்பது அங்கே நடைமுறைக்கு ஒத்தவை.

ஈறு இறங்கி முன்பல் நீளமாகத் தெரிகிறது என்று வருபவர்கள் இந்த முறைகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வேரை மூட அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டுவது தனி வகை அறுவைச் சிகிச்சை. பல்லிடுக்கு எலும்பு நன்றாக இருந்தால்தான் அதில் வேர் முழுவதும் மூடும்.

பல்லையே எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைத்தால்?

ஆடும் பல்லோடு வருபவர் மனதில் இந்தக் கேள்வி இருக்கும், வெளியே கேட்கத் தயங்குவார். எலும்பு வேர் நுனிவரை கரைந்து, எடுத்தே ஆக வேண்டும் என்று கருதப்பட்ட பற்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 25 பேருக்கு மீள்வளர்ச்சி, 25 பேருக்குப் பல்லை எடுத்து இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ். 10 வருடம் கழித்து, மீள்வளர்ச்சி செய்த பற்களில் 88 சதவீதம் வாயிலேயே இருந்தன. பொறுக்கியெடுத்த நோயாளிகள், தேர்ந்த கைகள், தவறாத பராமரிப்பு என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் “இது தேறாது” என்ற தீர்ப்பை அவசரப்பட்டு ஏற்க வேண்டாம் என்று அது சொல்கிறது. ஈறு நோய் வந்த வாயில் இம்ப்ளான்டைச் சுற்றியும் அதே மாதிரி எலும்புக் கரைவு வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். பல்லை எடுத்துவிட்டால் நோய் வீட்டைவிட்டுப் போய்விட்டது என்று ஆகாது. வேர் நுனிவரை போய், குழிக்குச் சுவரும் இல்லாமல், கவடும் திறந்து கிடக்கும் கடைவாய்ப் பல்லை மட்டும் நானும் எடுக்கச் சொல்வேன்.

யாருக்கு எது?

மேல் கடைவாய்க்கு முன் உள்ள ஒரு பல்லில் குறுகலான மூன்று சுவர்க் குழி, 5 மி.மீ. ஆழம், புகைப்பதில்லை, சுத்தம் நன்று என்றால், சின்ன ஜன்னல் வழியாகச் சுத்தம் செய்து, ஜெல் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். அதே ஆழத்தில் அகன்ற, ஒன்றிரண்டு சுவரே உள்ள குழி என்றால், ஈறு முனையைப் பிளக்காமல் திறந்து, பொடியோடு ஜெல் அல்லது பொடியோடு சவ்வு. புகைப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். புகைப்பவர்களுக்குக் கிடைக்கும் பிடிமானம் தெளிவாகக் குறைவு, எந்தப் பொருளும் அதை ஈடுகட்டுவதில்லை. பல் அதிகம் ஆடினால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிய பிறகே கத்தி, ஏனென்றால் ஆடும் பல் உள்ளே உறையும் ரத்தக் கட்டியைக் கலைத்துவிடும். லேசர் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், மேலே சொன்னவற்றுக்கு உள்ள அளவு ஆதாரம் அதற்கு இல்லை.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாரங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. தைத்த இடத்தில் பல வாரம் பிரஷ் படக் கூடாது, பல்லிடுக்கு பிரஷும் கூடாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் கொப்பளித்து, மருத்துவரிடம் அடிக்கடி போய் மேலோட்டமாகச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது, உதட்டை இழுத்துத் தையலைக் கண்ணாடியில் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கட்டி அசைகிறது. தையல் பிரித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துப் போய்விடுபவர்கள் பலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது அதனால்தான்.

புதிதாக வளரும் திசு இளசாக இருக்கும்போது புரோபை உள்ளே விட்டால் அது கிழியும். ஆகவே ஆறு மாதம்வரை அந்த இடத்தில் அளக்க மாட்டோம். முதல் வருடம் முடியும்போதுதான் எக்ஸ்ரேயும் அளவும். எட்டு என்ற எண்ணைக் கேட்டுக் கண்ணைத் திறந்தவர் மறுபடி அதே நாற்காலியில் சாய்ந்திருப்பார், நான் அதே இடத்தில் புரோபை மெதுவாக இறக்குவேன். “மூணு, மூணு, மூணு” என்று வந்தால் எனக்கும் நிம்மதி. சில சமயம் “அஞ்சு” என்றும் வரும். அப்போது ரத்தம் கசிகிறதா என்று பார்த்து, கசியவில்லை என்றால் அடுத்த வருகைக்கு நாள் குறித்துக்கொடுத்து அனுப்புவேன். கசிந்தால் அன்றே அந்த இடத்தை ஊசி போட்டுச் சுத்தம் செய்வேன்.